ஃபேனை நிறுத்திய பிறகு

முதல் வேலை, ஃபேனை நிறுத்துவது.
காற்று பட்டால் தராசு பொய் சொல்லும்
என்றார்கள் ரேஞ்சில்.
சொன்னவர் யாரும் மே மாதத்து அயனாவரத்தில்
பத்துக்குப் பன்னிரண்டு அறையில்
படுத்துப் பார்த்தவர் இல்லை.

அப்புறம் சன்னல்.
அப்புறம் தையல் மெஷின் பலகையின் ஆட்டத்துக்கு
நான்காக மடித்த கரண்டு பில்.

பிஸ்டல் ரேஞ்சின் இரும்பு அலமாரியில்
பூட்டுக்குள் தூங்குகிறது.
வீட்டுக்கு வருவது இந்தத் தகர டப்பி மட்டும்.
ஐந்நூறு ஈயக்குண்டுகள்,
ஒவ்வொன்றும் இடுப்பு ஒடுங்கிய
எறும்பு வாசிக்கும் உடுக்கை.

தராசு சவுகார்பேட்டையில் வாங்கியது.
"எத்தனை பவுன்மா நிறுக்கணும்?"
"ஈயம்" என்றேன்.
கடைக்காரர் சிரித்துவிட்டு
முப்பது ரூபாய் குறைத்தார்.

பாவாடை ஓரம் நசுங்கியதை ஒதுக்கு.
சாமணத்தால் எடு, வை, மூச்சை நிறுத்து, படி.
ஐந்நூற்று முப்பது மில்லிகிராம்.
ஐந்நூற்று முப்பத்திரண்டு.
ஐந்நூற்று இருபத்தேழு, இது பயிற்சிக்குப் போதும்.

பிரித்துப் போட மாத்திரை டப்பா,
ஞாயிறு முதல் சனி வரை ஏழு குழி.
எடை கூடியது வெள்ளி சனியில்.
குறைந்தது ஞாயிறில்.
சரியானது வியாழனில்.
ஒன்பது நாளில் மாநிலப் போட்டி,
அறுபது வியாழன் வேண்டும் எனக்கு.
பத்து மீட்டர் தள்ளி
ஒரு சட்டைப் பொத்தான் அகலத்தில்
பத்து மதிப்பெண் உட்கார்ந்திருக்கிறது.

பெரம்பூர் பக்கம் கூட்ஸ் போகிறது.
எண்கள் நடுங்குகின்றன.
கடைசி வேகன் கடக்கும்வரை
கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறேன்.
கழுத்து வியர்வை முதுகெலும்பில் இறங்கி
எந்தத் தராசிலும் ஏறாமல் போகிறது.

"இன்னும் எவ்வளவு நேரம்?"
பாயிலிருந்து இன்னாசி.
பனியனைக் கழற்றி அதாலேயே விசிறிக்கொள்கிறான்.
"நூத்திப்பத்து பாக்கி."
"ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் என்னதான் வித்தியாசம்?"
"ரெண்டு மில்லி."
"ரெண்டு மில்லி" என்று அவன் திருப்பிச் சொன்னதில்
கேலி இல்லை.

ரேஷன் கடையில் எடை போடுகிறவன்.
போன வாரம் மூன்றாவது தெரு அம்மா ஒருத்தி
வாங்கின இருபது கிலோவை
மளிகைக்கடையில் மறுபடி நிறுத்து
திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
அறுநூறு கிராம் இல்லை.
வரிசை முழுக்கப் பார்த்தது.
வரும்போதே மூட்டை குறைச்சல்,
சாக்கையும் அரிசி என்றுதான் கணக்கு எழுதுகிறார்கள்,
நீ என்ன செய்வாய் என்று
அன்று ராத்திரி நான்தான் சமாதானம் சொன்னேன்.
சொல்லிவிட்டு ஃபேனை நிறுத்தினேன்.

இப்போது எழுந்து வருகிறான்.
ஆணியில் மாட்டிய கடைச் சட்டையின் பைக்குள்
விரல் விட்டுத் துழாவி
மூலையில் ஒட்டியிருந்த ஒன்றை எடுத்து
தட்டில் வைக்கிறான்.

ஒரு அரிசி.
நுனி கொஞ்சம் உடைந்தது.

இருவரும் மூச்சை நிறுத்துகிறோம்.

பத்தொன்பது.

"அறுநூறு கிராமுக்கு எத்தனை வரும்?"
கணக்கு எனக்குத் தெரியும், பி.டி. டீச்சர் என்றாலும்.
சொல்லவில்லை.
அவனும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.
அரிசியை எடுத்தவன்
எங்கே போடுவது என்று தெரியாமல்
உள்ளங்கையில் வைத்தபடி நிற்கிறான்.

டப்பாவை மூடிப் பரணில் வைக்கிறேன்.
ஈயம் தொட்ட கை,
குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டு
இரண்டு தடவை கழுவ வேண்டும்.
இன்று லாரி வரவில்லை,
குடத்தில் அரைக்குடம்.

"நீயும் கழுவிக்கோ" என்கிறேன்.
"நான் ஈயத்தைத் தொடலையே."

ஃபேனைப் போடுகிறேன்.
விடிந்தால் அவன் கடை திறக்கும் நாள்.
வியாழன் குழியில் நாற்பத்தொன்று.